கழுத்தோரத்து அடுப்பு

ஏரிக்கரை வீடு
நவம்பர் 6

மகள் குன்னேய்க்கு,

லாரிக்காரனிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதமும் தேயிலையும் வந்து சேர்ந்தன. தேயிலை நன்றாக இருக்கிறது. கடிதம் நன்றாக இல்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் என் கழுத்தின் இரண்டு பக்கமும், தோளும், முதுகெலும்போரமும் பளிச்சென்று தெரிகின்றன, நோய் எங்கும் பரவிவிட்டது என்று டாக்டர் துயாரா சொன்னதாக எழுதியிருக்கிறாய். குதிரைகளை விற்றுவிட்டு உன் வீட்டோடு வந்துவிடச் சொல்கிறாய்.

வரமாட்டேன். உன் அம்மாவையும் இப்படித்தான் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அழைத்துப் போனாய். மார்ஃபா லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். பின்பக்கத்தில் பெட்டிக்குள் படுத்துத் திரும்பினாள். சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக் காட்டத்தான் செய்கிறேன்.

இங்கே ஏரி உறைந்துவிட்டது. குடிதண்ணீருக்குப் பனிக்கட்டி வெட்டும் வேலை தொடங்கியாயிற்று. பக்கத்து வீட்டு எரேமேய், “அண்ணே, இந்த வருஷம் நீங்க உக்காருங்க, நான் வெட்டித் தர்றேன்” என்றான். “நீ வெட்டுனா பாளம் பாளமா இருக்காதுடா, உன் மூக்கு மாதிரி கோணிக்கிட்டு நிக்கும்” என்றேன். எப்போதும்போல மூன்று வரிசை அடுக்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று உன் அம்மாவுக்கு, ஒன்று குழாய்த் தண்ணீர் குடிக்கும் உனக்கு.

உன் அப்பா
கவ்ரீல்


யாகுட்ஸ்க்
நவம்பர் 13

அன்புள்ள அப்பா,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். டாக்டர் துயாரா இன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “உங்க அப்பா அன்னிக்கி இங்க எப்படி வந்தாரு?” என்று கேட்டார். என் வீட்டிலிருந்து அந்தக் குளிரில் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நடந்தே வந்தார் என்றேன். ஊசி போட்ட பிறகு படுத்திருக்கச் சொன்ன அறையில் நீங்கள் சட்டையைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து வைத்ததை நர்ஸ் சொன்னாளாம். அவள் கம்பளி கொண்டுவந்து, “போத்திக்கோங்க தாத்தா” என்றதற்கு, “நான் என்ன நேத்துப் பொறந்த குழந்தையா?” என்று விரட்டினீர்களாமே.

அப்பா, கழுத்திலும் தோளிலும் இருப்பது நோய் இல்லை. அது பழுப்புக் கொழுப்பாம். வயிற்றில் சேரும் வெள்ளைக் கொழுப்பு சும்மா கிடக்கும். இது அப்படி இல்லை, குளிர் பட்டால் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து உடம்புக்குச் சூடு தரும். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது, அதனால் அதற்கு இது நிறைய இருக்கும். வயதானவர்களிடம் அபூர்வம். நாற்பது வருடம் பனிக்கட்டி வெட்டிய உடம்பு அதை விடவில்லை போலிருக்கிறது. ஊசியில் சர்க்கரை மாதிரி ஒரு மருந்து இருக்கிறது, அதை இழுத்துக்கொள்ளும் இடமெல்லாம் படத்தில் ஒளிரும். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

ஆனால் வலது நுரையீரலில் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே பழுப்புக் கொழுப்பு இருக்காதாம். கழுத்து ஒளி அணைந்தால்தான், பக்கத்தில் வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து வைத்தியத்தை முடிவுசெய்ய முடியும். இரண்டு நாள் சூடாக இருந்து, போர்த்திக்கொண்டு மறுபடி வர வேண்டும். வாருங்கள் அப்பா.

குன்னேய்


ஏரிக்கரை வீடு
நவம்பர் 19

குன்னேய்க்கு,

ஆக, எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு அடுப்பைப் பார்த்துவிட்டு வீடு எரிகிறது என்று என்னைப் பயமுறுத்தினீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டுமா? என்னிடம் இருக்கும் பழைய விலங்கியல் புத்தகத்தில், குளிர்காலம் முழுக்க வளைக்குள் தூங்கும் மர்மோட் என்ற பெரிய அணில் தோள்களுக்கு நடுவே இந்தக் கொழுப்பை வைத்துத்தான் விழித்தெழுகிறது என்று போட்டிருக்கிறது. உன் அம்மா பால் கறந்துவிட்டு வந்ததும் விறைத்த இரண்டு கையையும் என் பிடரியில்தான் வைப்பாள். “இந்த மனுஷன் இருக்கறப்ப விறகு எதுக்கு?” என்பாள்.

அந்தப் புள்ளியும் ஏதாவது கரியாக இருக்கும். இருமல் இருக்கிறது. இருமாத கிழவனை எனக்குக் காட்டு. மறுபடி படம் எடுக்க வரமாட்டேன்.

கவ்ரீல்


யாகுட்ஸ்க்
நவம்பர் 27

அப்பா,

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அம்மாவை நான் அழைத்துப் போகவில்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். இரண்டு குளிர்காலமாக வலி இருந்திருக்கிறது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அழுதேன். “உங்கப்பாவுக்குக் குளிராதுடி. யாராவது குளிருதுன்னா சோம்பேறின்னுவாரு. வலிக்குதுன்னா என்ன சொல்வாரோ” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டாக்டர்கள் பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டிருந்தது.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டதால் இத்தனை வருடம் உங்கள் பேச்சை வாங்கிக்கொண்டேன். இன்று அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அவளைப் போல நீங்களும் தாமதிக்கக்கூடாது.

டிசம்பர் பத்தாம் தேதி காலை மறுபடி படம் எடுக்க ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். இனி கெஞ்சமாட்டேன்.

குன்னேய்


ஏரிக்கரை வீடு
டிசம்பர் 5

மகளே,

உன் கடிதத்தை லாரிக்காரன் முன்னால் படித்தது தப்பு. “என்ன தாத்தா, கண்ணுல பனி விழுந்துருச்சா?” என்றான். ஆமாம் என்றேன்.

மார்ஃபா அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்று எழுத உட்கார்ந்தேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அது அவள் பேச்சேதான்.

நேற்றிலிருந்து அடுப்பை இரண்டு மடங்கு எரிக்கிறேன். அவளுடைய நரித்தோல் கோட்டு எனக்குத் தோளில் பிடிக்கிறது, ஆனாலும் போட்டிருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. குதிரை என்னை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகிறது. எரேமேய் வாசலில் நின்று, “அண்ணே, அண்ணி வந்துட்டாங்கன்னு நெனச்சேன்” என்றான். நான் அவனைத் திட்டவில்லை. அதில் அவனுக்குத்தான் பயமாகிவிட்டது.

பனிக்கட்டி மீதியை அவனே வெட்டுகிறான். எல்லாம் கோணல். உன் வரிசைக்கு மட்டும் நேரான பாளமாகப் பார்த்து எடுத்து வைத்தேன்.

ஒன்பதாம் தேதி வருகிறேன். அந்த நர்ஸிடம் சொல்லி வை. நேற்றுப் பிறந்த குழந்தைக்குப் போர்த்துவதைப் போல எனக்குப் போர்த்தட்டும், வாயைத் திறக்கமாட்டேன். கழுத்தில் இருப்பது அணையட்டும். அணையாதது எது என்று நீயும் நானும் சேர்ந்தே பார்ப்போம்.

லாரிக்காரனிடம் போக வர முன்சீட்டைக் கேட்டு வைத்திருக்கிறேன். திரும்பும்போதும் முன்சீட்டுத்தான் என்று அவனிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

உன் அப்பா
கவ்ரீல்