ஐந்தாவது சீட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நானும் உன் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவனே நீதான், அதனால் உனக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். உன் மருமகள், தானே எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நான் சொல்வதை அவள் அழகாக்கிவிடுவாள்.

போனில் மூன்று முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. உன் மாப்பிள்ளை போன செய்தி தெரிந்ததும், "பதினோரு மாசம் படுத்திருந்தாரு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். அதோடு சரி. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. முதலில் வேறு செய்தி. நீங்கள் இரண்டு பேரும் கொண்டாடுகிற அந்தப் பாட்டுக் குழுவின் புது இசைத்தட்டு வந்துவிட்டது.

அவர் படுக்கையில் இருக்கும்போதே, வந்ததும் அனுப்பச் சொல்லிப் பெயர் கொடுத்து வைத்திருந்தார். அவர் போய் ஐம்பத்திரண்டாம் நாள், நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, வாசலில் அட்டைப்பெட்டி. மேலே அவர் பெயர். கொண்டுவந்தவர், பெயர் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நானே போடுகிறேன் என்றேன். அந்தக் கிழவர்கள் எட்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு, இப்போது ஒரு தட்டு போட்டு அனுப்புகிறார்கள். இரண்டு மாதம் முன்னால் போட்டால் என்ன கேடு? கோபமாக வந்தது. பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்த நேரத்தில் மூன்று பேரும் வந்து நின்றார்கள். வண்டி சீட் கவர் தைக்கிறவர், மருந்துக்கடைக்காரர், பஸ் ஓட்டும் அக்கா. மூவருக்கும் நான் சொல்லி அனுப்பவில்லை. மூவரும் கச்சேரிக்கு வாங்கிய அந்தக் கறுப்புச் சட்டையில் இருந்தார்கள். இருபது வருஷத்துச் சட்டை. தையல்காரர் தொப்பையின் மேல் அந்தக் குழுவின் முகங்கள் எல்லாம் ஊதிப்போய் இருந்தன. மருந்துக்கடைக்காரர், "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா போயிடறோம்மா" என்றார். தையல்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றி விட்டார்.

உனக்குத் தெரியாத விதியா? இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கே வரிசையாகப் புரிய வேண்டும். புதுத் தட்டு வந்தால் எல்லோரும் கூடி, கடைசிப் பாட்டு முடியும்வரை வாய் திறக்காமல் கேட்பது. பத்துக்கு எத்தனை மார்க் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்து ஸ்டீல் டம்ளரில் போடுவது. எல்லாச் சீட்டும் விழுந்த பிறகுதான் பிரிப்பது, மார்க் நோட்டில் ஏற்றுவது. போட்ட மார்க்கை மாற்றக் கூடாது. சீட்டை அவரவர் கையால்தான் போட வேண்டும். பஸ் அக்கா ஒரு தடவை டிப்போவிலிருந்து போனில் மார்க் சொன்னதற்கு உன் மாப்பிள்ளை "செல்லாது" என்று போனை வைத்தாரே. தையல்காரர் கால் ஒடிந்து கிடந்தபோது, நீயும் அவரும் டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு எலும்பு வார்டுக்குப் போய் வந்தீர்களே. நர்ஸ் அதை என்னவோ என்று நினைத்துப் பிடுங்கப் போனாள் என்று வந்து சிரித்தீர்கள். ஒரு லிஃப்ட் குழிக்குள் ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்த்த இரண்டு மெக்கானிக்குகளுக்கு ஏன் இத்தனை சட்டம் என்று நான் அப்போது கேட்டேன். நீதான் சொன்னாய், "பாட்டைப் பத்தியாவது பொய் சொல்லாம இருக்கலாம்னுதான்" என்று.

இத்தனை வருஷமும் நான் அந்தப் பாட்டுகளைச் சமையலறைச் சுவர் வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். வார்த்தை எனக்கு வராது. எந்தப் பாட்டில் சுவர் எப்படி அதிரும் என்று மட்டும் தெரியும். இப்போது சுவர் சும்மா இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறேன், பாத்திரம் இல்லாத நேரத்திலும்.

சரி, மார்க் நோட்டை எடுத்துத் தாருங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். உன் மாப்பிள்ளையின் மேஜை இழுப்பறையில் இருந்தது. பிரித்தால், புதுத் தட்டுக்கு ஒரு பக்கம் தயாராக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறார். எப்போதும் அவர் எழுதுவது உனக்கு ஞாபகம் இருக்கும்: நான், மச்சான், தையல், மருந்து, பஸ். இந்தப் பக்கத்தில் "நான்" இல்லை. அந்த இடத்தில் "வீட்டுக்காரி" என்று இருக்கிறது. அடுத்தது "மச்சான்". கோடு கோணவில்லை, அதனால் கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறார்.

பஸ் அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். "உட்காரு. இன்னிக்கு நீ உள்ளே போகக் கூடாது" என்றார். உன் மாப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மகள் தட்டை வைத்தாள்.

பாட்டைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. நீ ஏற்கெனவே போனில் கேட்டிருப்பாய். கேட்கவில்லை என்று என்னிடம் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும். மொட்டையன் குரல் பாதாளத்துக்குப் போயிருக்கிறது. நெட்டையனின் கிடார் இன்னும் அதே மாதிரிதான். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டில், பாதி வரியில் மொட்டையனுக்கு மூச்சு நின்று, இழுத்துப் பிடித்து மறுபடி ஆரம்பிக்கிறான். அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்தது, நாலு சீட்டும் டம்ளரில் விழுந்தது, அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றேவிட்டார். "இதை யாரும் கேட்டுச் சொல்லலையா அவங்களுக்கு? அந்த மூச்சு வாங்கற இடத்தை மறுபடி பாட வெச்சிருக்க வேண்டாமா? மானத்தோட நிறுத்தியிருக்கலாம்" என்றார். பஸ் அக்கா, "உங்களை மறுபடி பாட வெச்சா நீங்க ரெண்டாவது வரியிலேயே மாத்திரை கேப்பீங்க" என்றார். "எழுபது வயசுல அவன் நின்னுக்கிட்டுப் பாடறான். எனக்கு அம்பத்தாறு, ஸ்டியரிங் பிடிச்சு இறங்கினா முட்டி மடங்கல. என்னைப் பத்தி ஒருத்தன் பாடின மாதிரி இருக்கு, அதுக்கும் விடமாட்டீங்களா?" தையல்காரர் வழக்கம் போல, தாளம் நன்றாக இருக்கிறது, குரல் சுமார், அட்டைப்படம் கேவலம் என்றார். எந்தத் தட்டுக்கும் அவர் ஆறுதான் போடுவார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார்.

உலகம் முழுக்க இதே சண்டைதான் போலிருக்கிறது. மகள் போனிலிருந்து படித்துக் காட்டினாள். ஒருவன், முப்பது வருஷ ரசிகன் நான், இன்று வெட்கப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறான். ஒரு பெண், இதை ஓட்டிக்கொண்டே வீட்டைப் பெருக்கினேன், மூன்று தடவை பெருக்கினேன் என்கிறாள். இன்னொருவன் பாட்டைக் கேட்கவே இல்லை, தட்டு வளைந்து வந்துவிட்டது, யாரிடம் மாற்றுவது என்று கேட்கிறான். அவனுக்கு நாற்பது பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பையன், எங்கள் அப்பா இருந்தால் இதைத் திட்டிக்கொண்டே தினமும் கேட்பார் என்று எழுதியிருந்தான். மகள் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டாள்.

என்னிடம் கேட்டார்கள். அந்த மூச்சு பற்றிச் சொன்னேன். அவருடைய நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்த பதினோரு மாதமும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். வெளியாள் வந்தால் அவர் அதை அடக்கிக்கொள்வார், போன பிறகு இருமடங்காக வாங்கும். இந்த மொட்டையன் அடக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். அதற்காக அவர் மார்க்கை மாற்றவில்லை, விதி இருக்கிறதே.

அப்போதுதான் தையல்காரர், போன தட்டுக்குத் தான் எவ்வளவு போட்டோம் என்று பார்க்க நோட்டில் ஒரு பக்கம் பின்னால் தள்ளினார். தள்ளிவிட்டு "ஐயோ" என்றார். எங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அண்ணா, உனக்கும் அவருக்கும் சண்டை வந்த தட்டு அது. அவர் ஒன்பது போட்டார், நீ இரண்டு போட்டாய். அந்தப் பக்கத்தில் அவருடைய ஒன்பது அடித்திருக்கிறது. பக்கத்தில் ஏழு, ஒரு தேதி. ஏழை அடித்து ஐந்து, வேறு தேதி. ஐந்தை அடித்து மூன்று. மூன்றுக்குப் பக்கத்தில் உள்ள தேதி, அவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு நாலு நாள் முன்னால். போட்ட மார்க்கை மாற்றக் கூடாது என்று மருந்துக்கடைக்காரரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த மனுஷன், யாருக்கும் தெரியாமல் பென்சிலால் மூன்று தடவை மாற்றியிருக்கிறார். உன்னுடைய இரண்டை ஒன்றும் செய்யவில்லை. தையல்காரர் சிரிக்க ஆரம்பித்தார். "களவாணி, களவாணி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு அவரால் நிறுத்த முடியாமல் பின்பக்கம் போய்விட்டார்.

எட்டு வருஷத்தில் ஒரு தடவை உனக்கு போன் போட்டு, "நீ சொன்னதுதான் சரி மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டர் உறுதியாகச் சொன்ன அன்றே, அண்ணனுக்குச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வேண்டாம். வந்தா அழுவான். புதுத் தட்டு வர்ற நேரம். என் மூஞ்சியைப் பார்த்துட்டு மார்க் ஏத்திப் போட்டுடுவான். மச்சான் போட்ட மார்க்குல இதுவரைக்கும் பொய் இல்ல" என்றார். இது ஒரு காரணமா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். பிறகும் இரண்டு தடவை கேட்டேன். கடைசியில் தட்டு வரும்வரை இருப்பேன், அப்போது கூப்பிடு என்றார். நானும் நம்பினேன். நான் தேய்க்கும் விரிப்புகளில் அவர் வார்டு விரிப்புகளும் வரும். எது அவருடையது என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் மடிப்பு விழாமல் தேய்த்தேன். அந்த நேரத்தில் உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். செய்யவில்லை. அது அவர் தப்பு இல்லை, என் தப்பு.

இன்னொன்றும் என் தப்புதான். எட்டு வருஷம் முன்னால் நீங்கள் இருவரும் கத்திக்கொண்ட அன்று, "இது என் தங்கச்சி வீடு" என்று நீ சொன்னாய், "அப்போ தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ" என்று அவர் சொன்னார். நான் சமையலறையிலிருந்து வந்து, "நீ போண்ணா" என்றேன். அவர் உன்னைப் போகச் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துச் சொன்னது. நீ அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று நீ விட்டுப்போன கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அவர் அதை எடுக்க விடவில்லை. நான் எடுக்கவும் பார்க்கவில்லை.

சீட்டுகளை இன்னும் பிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பிரிக்கக் கை வைத்தார். பஸ் அக்கா தட்டிவிட்டார். "அஞ்சு பேர் போட்டிருக்கு நோட்டுல. நாலுதான் விழுந்திருக்கு" என்றார். டம்ளர் மேல் ஒரு சாஸரைக் கவிழ்த்து, தட்டு ஓடும் பெட்டி மேலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூவரும் வருகிறார்கள். டீ குடிக்கிறார்கள், அதே சண்டையை விட்ட இடத்திலிருந்து போடுகிறார்கள், போகும்போது டம்ளரைப் பார்த்துவிட்டு, "வந்துச்சா?" என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். தையல்காரர் தன் சீட்டை எடுத்து ஆறரை ஆக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். விடவில்லை.

நான் எவ்வளவு போட்டேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ என் மார்க்கைப் பார்த்துப் போடக் கூடாது. அவர் போய்விட்டார் என்று ஏற்றியும் போடாதே. பிடிக்கவில்லை என்றால் இரண்டே போடு. ஒன்றும் போடலாம். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

மகளுக்கு வேலையில் ஒன்றும் குறையில்லை. எனக்கு வலது தோள்பட்டை வலி, இஸ்திரி மெஷின் பழசு, வேறொன்றும் இல்லை. அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, உனக்குச் சளி பிடித்தால் இலேசில் போகாது. நீ நன்றாக இருக்க வேண்டும் அண்ணா, நீண்ட நாள் இருக்க வேண்டும். எனக்கு இனி அண்ணன் என்று சண்டை போட நீ ஒருவன்தான்.

சீட்டை இந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிடாதே. தபாலில் வந்தால் செல்லாது. விதியை நான் போடவில்லை, நீங்கள் இரண்டு பேரும்தான் போட்டீர்கள்.

உன் கை டம்ளரில் படும்வரை சாஸரை எடுக்காமல் காத்திருக்கும்,
உன் தங்கை