நான் மௌத்தான சனிக்கிழமை

கல்முனை
14.02.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் முஸ்பிறாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.

அல்ஹம்துலில்லாஹ், நானும் உம்மாவும் சுகம், நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்த வெளிநாட்டுக் குளிருக்குள்ளே நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆச் செய்கிறேன். இந்த முறை நான் சுகம் என்று எழுதுவது வாய்ப்பழக்கத்துக்கு எழுதுவதல்ல. போன சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் மௌத்தாகிவிட்டேன் என்று ஊர் முழுவதும் நம்பியது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்டு நம்பியது, ஆகவே உயிரோடு இருக்கிறேன் என்பதை என் கையெழுத்தாலேயே உனக்கு உறுதிப்படுத்துகிறேன். உம்மா போனில் பாதிக் கதை சொல்லியிருப்பார், அதுவும் சிரிக்கிற பாதியை மட்டும். மற்றப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து மறுத்துக் கதைப்பாய், கடிதத்தில் அது முடியாது.

ஒரு மாதத்துக்கு முன்பு, உன் மகள் அஸ்பியாவின் நிக்காஹ் அழைப்பிதழில் என் தம்பி ஷரிபுதீன் சாச்சாவின் பெயரையும் போடுவோம் என்று கேட்டாய். நான் முடியாது என்றேன். அப்போது நீ சொன்ன வசனத்தை நான் மறக்கவில்லை. "கோபத்த எடுத்துப்போட்டா ஒங்கள்ள மிச்சம் என்ன இரிக்கி வாப்பா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா அது என்று உம்மாவிடம் நான் மூன்று நாள் முறையிட்டேன், உம்மா மூன்று நாளும் தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார், அதுவும் எனக்கு ஒரு பதில்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். காணிச் சட்டத்தைக் கோட்டு விறாந்தையில் நின்று கேட்டும், பழைய தீர்ப்புகளை இரவல் வாங்கி வாசித்தும் படித்தவன். குற்றச்சாட்டு வந்தால் சாட்சியோடு மறுமொழி கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னிடம் சாட்சி இருக்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது இருக்கிறது.

முதலில் வழக்கை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அதை எல்லோரும் அவரவர் விருப்பத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவில் உள்ள வரம்பை ஒருவர் ஒன்றரை அடி என் பக்கம் தள்ளி வெட்டினார். அவர் உன் சாச்சாவின் மச்சான், அதாவது சாச்சியின் கூடப்பிறந்த காக்கா. நான் கோட்டுக்குப் போனேன். என் கூடப்பிறந்த தம்பி சாட்சிக் கூட்டில் ஏறி, வரம்பு எப்போதும் அந்த இடத்தில்தான் இருந்தது என்று சத்தியம் பண்ணிச் சொன்னான். நில அளவைக்காரர் வந்து அளந்தார், ஏழாம் வருடம் தீர்ப்பு என் பக்கம் வந்தது, வரம்பைப் பழைய இடத்தில் என் கையாலேயே கட்டினேன். தம்பி மட்டும் வரவில்லை. நானும் சம்மாந்துறைக்கு அவனைத் தேடிப் போகவில்லை, பொய் சொன்னவன்தான் வர வேண்டும். இப்படிப் பதினாறு வருடம். அந்த வழக்கால் எனக்கு ஊரில் கோட்டு ஸமட் என்று ஒரு பட்டமும் வந்து சேர்ந்தது. கந்தூரிச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்தவர்களின் பெயரை வாசிக்கும்போது ஒருமுறை "கோட்டு ஸமட், ரெண்டு மூட்டை" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள், சனம் சிரித்தது. நான் மூன்று பக்கத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இனி யாருடைய பட்டப்பெயரையும் வாசிப்பதில்லை என்று நிர்வாகத்தைத் தீர்மானம் எடுக்க வைத்தேன். எடுக்கும்வரை ஒவ்வொரு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகும் தலைவரை வாசலில் மறித்தேன். அது நியாயமான தீர்மானம், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நம் வீதியின் கடல் பக்கத்து முனையில் இருந்த கடலை ஸமட்டை உனக்கு ஞாபகமிருக்கும், பஸ் நிலையத்தில் கடலைச் சுருள் விற்றவர், நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பிடி கூடப் போட்டுத் தருவார். அவருக்கும் பெயர் அப்துல் ஸமட், அவருடைய வாப்பாவும் ஆதம்லெவ்வை, என் வாப்பாவும் ஆதம்லெவ்வை. சனிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் வபாத்தானார், இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் என் தீர்மானத்தின்படி கடலை என்ற சொல்லை விட்டுவிட்டு, இந்த வீதியைச் சேர்ந்த ஆதம்லெவ்வையின் மகன் அப்துல் ஸமட் என்று அறிவித்தார். அவருக்கு எழுபத்தாறு வயது, எனக்கு எழுபத்தொன்று, ஊர் என் பக்கம் தீர்ப்புக் கொடுத்துவிட்டது.

நான் அந்த நேரம் வயலில். கார்த்திகை வெள்ளம் முதல் விதைப்பைக் கொண்டுபோனபடியால் இரண்டாம் தடவை விதைத்தது இப்போதுதான் குடலைப் பருவம், அதில் இலை சுருட்டிப் புழு, அதைப் பார்க்க விடியவே சைக்கிளில் போய்விட்டேன், போன் வீட்டில் சார்ஜில். உம்மா அறிவித்தலைக் கேட்டதும் "அந்த மனிசன் இப்பதானே தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு" என்று சொல்லியிருக்கிறார். பிறகு பெரிய ரோட்டில் ஓடுகிற பஸ்களை நினைத்திருக்கிறார், அதோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் போனுக்கு எடுத்தவர்களுக்கெல்லாம் அது வீட்டுக்குள்ளேயே அடித்திருக்கிறது, ரோட்டில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மையித்து வரும் என்று சனம் கூடிவிட்டது. பத்து மணிக்கு நான் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணிக் கீரையோடு திரும்பி வருகிறேன், நம் வீட்டு வளவில் நிழலுக்குப் படங்கு கட்டி, வெள்ளைக் கதிரை அடுக்கி, அறுபது எழுபது பேர் இருக்கிறார்கள். யாரோ மௌத்து என்று விளங்கியது, உம்மாவோ என்று நினைத்தேன், அது ஒரு நிமிடம், அந்த நிமிடத்தை நான் எழுதப்போவதில்லை. பிறகு உள்ளேயிருந்து என்னைச் சொல்லி அழுகிற உம்மாவின் குரல் கேட்டது. அப்போதுதான் மௌத்து யார் என்று எனக்கு விளங்கியது.

கேற்றுக்கு வெளியே மதிலோடு நின்று கேட்டேன். ஒளிந்து கேட்பது கூடாது என்பது எனக்குத் தெரியும், என் சொந்த மௌத்துக்கு அதில் விலக்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிவாசல் தலைவர், நான் வாசலில் மறித்த அதே மனிசன், "சரியெண்டா சரி, புழையெண்டா புழை, அவர மாதிரி இனி ஒராள் இந்த ஊருக்கு வராது" என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வசனத்தைத் திகதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். பக்கத்து வளவுக் கமீலா, அவருடைய ஆடுகளுக்காக என்னோடு இரண்டு வருடம் முகம் பாராதவர், மூக்கைச் சீந்திச் சீந்தி அழுதுகொண்டிருந்தார். நான் கேற்றைத் திறந்து உள்ளே போய் ஸலாம் சொன்னேன். பாதிப் பேர் எழும்பினார்கள், பாதிப் பேருக்கு எழும்பவே முடியவில்லை. கமீலாதான் முதலில் சுதாரித்தவர், "இந்த மனிசனுக்கா நான் காலயிலரிந்து அழுத" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்போதே ஆட்டுச் சண்டையைத் திரும்பவும் தொடங்கிவிட்டார். உம்மா வெளியே வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றையிலிருந்து போனை எடுக்காமல் என்னைக் கேற்றைத் தாண்ட விடுவதில்லை.

நான் கதிரையில் இருந்து இரண்டாம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. சம்மாந்துறையிலிருந்து காரைதீவுச் சந்தியைச் சுற்றி, ஆட்டோ கிடைக்காமல், நெல் ஆலைக்காரரின் லான்ட்மாஸ்டரில் நெல் மூட்டைக்கு மேலே ஏறி வந்திருக்கிறான் உன் சாச்சா. தலையில் தொப்பி இல்லை, ஒரு காலில்தான் செருப்பு, மற்றது எந்த ரோட்டில் விழுந்ததோ, பெருவிரலில் இரத்தம். கையில் ஒரு பார்சல். நம் வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தவன் வாசலைத் தாண்டி நேரே உள்ளே வந்தான், கதிரையில் தேத்தண்ணிக் கோப்பையோடு என்னைக் கண்டான். ஸலாமும் சொல்லவில்லை. "மௌத்தாகிறதயாவது ஒழுங்கா செய்யமாட்டீங்களா காக்கா" என்று சத்தம் போட்டான், அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதான். மகள், கவனித்துக்கொள், முதலில் கதைத்தது அவன்தான். அதற்கு அறுபது எழுபது சாட்சிகள் இருக்கிறார்கள்.

அவன் அதோடு நிறுத்தவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், ஒருவரும் கேட்காமல், "அந்த வரம்பு ஒங்கடதான் காக்கா, எனக்கு அப்பவே தெரியும். பொஞ்சாதிர ஊட்ட இரிந்துக்கிட்டு மச்சானுக்கு எதிரா நான் எப்பிடிக் கதைக்கிற. ஒரு வருஷம் பயம், புறகு பதினஞ்சு வருஷம் வெக்கம்" என்றான். நான் தலைவரைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்டதா என்று கேட்டேன், ஓம் என்றார்கள். கோட்டில் வந்த தீர்ப்பைவிட இது பெரிய தீர்ப்பு, அந்த நேரம் என் தலை படங்கைத் தொட உயர்ந்தது போல இருந்தது, மறைக்க மாட்டேன். பதினாறு வருடமாக அவன் வந்தால் சொல்ல வேண்டும் என்று நான் வயலுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வசனங்கள் இருந்தன, நல்ல வசனங்கள். அவற்றை விட்டுவிட்டு என் செருப்பைக் கழற்றி அவன் காலடியில் போட்டேன். போட்டுக்கொண்டான், இரண்டு பேருக்கும் ஒரே அளவு. பார்சலைப் பிரித்தால் மையித்துக்குச் சுற்றுகிற கபன் புடவை, கற்பூரம், அத்தர். கடைக்காரர் மையித்தின் உயரம் கேட்டாராம், இவன் தன் தலைக்கு மேலே ஒரு சாண் பிடித்துக் காட்டினானாம். சரியாக ஒரு சாண்தான் மகள்.

மோதினார் அப்போதுதான் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், "நீங்கதானே ஹாஜியார் பட்டப்பேர் வாசிக்கப்படா எண்டு எழுதித் தந்தீங்க" என்றார். கடலை என்ற பெயரை விட்ட கதை அப்போதுதான் வெளியே வந்தது, கடலை ஸமட்டின் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். மோதினார்தான் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, பெண்சாதி ஹாஜறாவும் அயலில் இரண்டு பொம்புளைகளும்தான், மையித்தைக் குளிப்பாட்டக்கூட ஆள் வரவில்லை, வர வேண்டிய ஆட்கள் எல்லாம் என் வளவில் என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முகம் எரிந்தது. ஷரிபுதீன் சொன்ன அந்த வெக்கம் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரிந்தது, அவன் பதினைந்து வருடம் அதைச் சுமந்தான், எனக்குப் பதினைந்து நிமிடமே பாரமாக இருந்தது. எழும்பி, ஆளுக்கொரு கதிரையைத் தூக்குங்கள் என்றேன். படங்கை அவிழ்த்தோம், தேத்தண்ணி அண்டாவைக் கமீலாவும் இன்னொருவரும் பிடித்தார்கள், வெறுங்காலோடு நான் முன்னால், கபன் பார்சலோடு ஷரிபுதீன் எனக்குப் பக்கத்தில், வெள்ளைக் கதிரைகள் எல்லாம் தலைக்கு மேலே, வீதி முழுவதும் கடல் பக்கம் நடந்தோம். ஹாஜறா வாசலில் நின்று பார்த்தார், "இவ்வளவு சனமும் இவருக்கா" என்று கேட்டார். ஓம், இவருக்குத்தான், இடம் காணாதபடியால் எங்கள் வளவில் கூடி வந்தோம் என்று சொன்னேன். எழுபத்தொரு வயதில் நான் சொன்ன பொய். ஷரிபுதீன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான், அது வேறு இது வேறு என்று அந்த இடத்திலேயே அவனுக்குச் சொல்லிவிட்டேன். ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம், சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கம் அவன் ஒரு தோள், நான் ஒரு தோள். கபன் அவருக்கு நீளமாக இருந்தது, வெட்ட விடவில்லை, மடித்துக் கட்டச் சொன்னேன்.

இனி உன் கேள்விக்கு மறுமொழி. கோபத்தை எடுத்துவிட்டால் என்னில் என்ன மிச்சம் என்று கேட்டாய். ஒரு மனிசனோடு பதினாறு வருடம் கோபமாக இருக்க வேண்டுமென்றால் பதினாறு வருடம் அவனை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நினையாதவனோடு எவனும் கோபித்துக்கொண்டிருக்க முடியாது. சாச்சாவின் முழங்கால் நோவு, அவன் மகனின் வேலை, ஆலையில் அவன் நெல்லுக்கு வந்த விலை, எல்லாம் எனக்கு அந்தந்தக் கிழமையே தெரியும், ஆள் வைத்துக் கேட்பேன், உம்மாவிடம் கேட்டுப் பார். அவனிடம் பயம் இருந்தது, ஆனால் என் உயரமும் அவன் நினைப்பில் இருந்தது. மனிசனை ஒரு குணத்தால் அளந்து முடிக்காதே மகள், அளக்கிறவர்களை எனக்குக் கோட்டிலே தெரியும், அளவுச் சங்கிலியை ஒரு பக்கமாகத்தான் இழுப்பார்கள். ஆகவே அழைப்பிதழில் ஷரிபுதீனின் பெயரைப் போடு. என் பெயருக்குக் கீழே போடு, பக்கத்தில் வேண்டாம், அவன் எனக்கு இளையவன். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் நேற்று மனுக் கொடுத்துவிட்டேன், ஜனாஸா அறிவித்தலுக்கு மட்டும் பட்டப்பெயரை வாசிக்கலாம், மற்ற எல்லாவற்றுக்கும் பழைய தீர்மானம் அப்படியே. நிக்காஹ் சாப்பாட்டுக்கு வரம்பு வெட்டிய மச்சான்காரரைக் கூப்பிடலாமா என்று ஷரிபுதீன் கேட்டான். அவர் இன்னும் தன் பிழையை ஒப்புக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, சொன்ன பிறகு பார்ப்போம்.

நோன்பு வர இரண்டு கிழமைதான் இருக்கிறது, போன வருடம் விட்ட களா நோன்புகளை முடித்துவிடு, பிரஷர் குளிசையை விடாதே, அஸ்பியாவின் கடவுச்சீட்டு ஆடி மாதம் நீங்கள் நிக்காஹுக்கு வருமுன்பு முடிகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார். சாச்சாவுக்கு ஒருமுறை போன் எடு, ஸலாத்தை நீ முதலில் சொல்லு, அவன் அழுவான், வைத்துவிடாதே. அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தையும் உன் பிள்ளைகளுக்கு ஸாலிஹான நாட்களையும் தருவானாக, உங்கள் எல்லோரையும் நம் வாசலில் கண்ணால் காணும்வரை எங்கள் ஆயுளையும் நீட்டித் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு
உன் வாப்பா
ஆதம்லெவ்வை அப்துல் ஸமட்
(பதில் கடிதத்தைத் தபால்காரர் மாற்றிக் கொடுக்காமல் இருக்க, கோட்டு ஸமட்)