அந்தப் படத்தில் சிரிக்கும் பிள்ளை

7 நவம்பர் 2006, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்ட்ரெதம் பஸ் இருபது நிமிடம் பிந்தியது. மிசிஸ் ஹார்ப்பருக்குக் குளிப்பு, மாத்திரை, ஓட்ஸ் கஞ்சி. தொண்ணூறு தாண்டியவர். அமெரிக்காவின் தெற்கில் பிறந்து, இங்கிலாந்துக்காரர் ஒருவரைக் கட்டி லண்டன் வந்தவர். நான் அவரை வீட்டோடு பார்த்துக்கொள்ளும் கேரராகி இரண்டு வருடம். அடுத்த வாரம் முதியோர் இல்லம் போகிறார். அலமாரியின் மேலிருந்த ஒரு உறையை எடுத்துத் தரச் சொன்னார்.

உள்ளே பழைய தபால் அட்டை. படம். மரத்தில் ஒரு கறுப்பு மனிதரைத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். கீழே வெள்ளைக்காரச் சனம், கமராவைப் பார்த்துச் சிரித்தபடி. ஒருவரின் தோளில் வெள்ளைத் தொப்பி போட்ட சின்னப் பிள்ளை. அதுவும் சிரிக்கிறது.

"அது நான். தோள் அப்பாவுடையது" என்றார்.

தேத்தண்ணி போட எழுந்தேன்.

8, புதன்

கொஞ்சம் வெயில். வாங்க: பால், வெங்காயம், இருமல் மருந்து.

அவரே தொடங்கினார். அன்று புதுச் சப்பாத்தாம். எலுமிச்சைச் சாறு குடித்தாராம். ஏதோ திருவிழா என்று நினைத்தாராம். அந்த மனிதர் ஐசக், இவர்கள் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தவர். அட்டையைக் கடையில் விற்றார்களாம், அப்பா ஒன்று வாங்கி வைத்தாராம். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

இப்போது அந்த ஊர் நூலகம் பழைய படங்கள் சேர்க்கிறது. இவர் எழுதிக் கேட்க, அனுப்பும்படி பதில் வந்திருக்கிறது. மகனோ எரிக்கச் சொல்கிறார். தாத்தாவின் பெயர் கெட்டுவிடுமாம். சாமான் கட்டச் சனிக்கிழமை வருகிறார்.

"அப்பா என்னிடம் அன்பானவர். அதையும் எழுதித்தான் அனுப்பப் போகிறேன்" என்றார்.

9, வியாழன்

என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கேன் உந்த வேலை? வேலை தந்த ஏஜென்சிக்குத் தெரிஞ்சால் வேலை போயிடும்."

நியாயம்தான். பருப்பு அடிப்பிடித்தது. மனம் முழுக்க நஸீமா.

பதினாறு வருடம். எவருக்கும் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் சனம் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அறிவித்தது நம் இயக்கப் பெடியள். நஸீமா டியூட்டரி வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கு. சந்தியில் வரிசையில் நின்றாள். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். நான் எங்கள் கேற்றுக்குப் பின்னால். அவள் என்னைக் கண்டாள். நான் உள்ளே போய்விட்டேன்.

இங்கே தமிழ்ச் சனத்துக்கு எத்தனை கூட்டம், எத்தனை நினைவுதினம். இதை மட்டும் யாரும் பேசுவதில்லை. நானும்தான்.

10, வெள்ளி

கடும் குளிர். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஐசக். விறகு. அப்பாவின் முழுப்பெயர். 'குழந்தை ஒன்று இருந்தது' என்று நான் எழுதியதை வெட்டச் சொன்னார்.

"'நான் சிரித்துக்கொண்டிருந்தேன்' என்று எழுது."

நோயாளிகளின் பொருளை நாங்கள் வெளியே கொண்டுபோகக் கூடாது. அதைச் சொன்னேன். அப்படியானால் தன்னைக் கொண்டுபோகச் சொன்னார். போர்வை சுற்றி, வீல்செயாரில் தபால் கந்தோருக்கு. வரிசையில் நின்றோம். உறையைத் தானே கொடுத்தார். உள்ளே என்ன என்று கேட்டாள் கவுண்டர்ப் பிள்ளை. குடும்பப் படம் என்றார்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

13, திங்கள்

மழை. காலையில் ஏஜென்சி போன். மகன் அட்டை விஷயமாக முறைப்பாடு செய்திருக்கிறார். இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டாமாம், எனக்குப் பராமரிக்க வேறு ஆள் தருவார்களாம். அவரிடம் விடைபெறக்கூட விடவில்லை.

கணவர் ஏசவில்லை. தட்டில் சோறு போட்டுத் தந்தார்.

பின்னேரம் கனடாவுக்குப் போன் எடுத்தேன், அக்காவுக்கு. நஸீமாவின் தகப்பன் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அன்று நடந்ததை எழுதிவைக்கப் போவதாகவும் சொன்னேன்.

"ஆர் நஸீமா? அப்பிடி ஒருத்தரும் எங்கட பக்கம் இருக்கேல்லையே."

ஒவ்வொரு பெருநாளுக்கும் நஸீமா கொண்டுவரும் வட்டிலப்பத்தில் பாதியை அக்காதான் சாப்பிடுவாள்.