மூன்று உருண்டைகள்

14 ஒக்டோபர் 2024, மார்புர்க்

இன்றும் விடியமுன்னம் அம்மா வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, கெல்சென்கிர்ச்சனில் ரயில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, ஆய்வுகூடத்துக்குப் பிந்தித்தான் வந்தேன். மருந்தாக்கவியல் படிக்க இடம் கிடைத்த ஊரில் படுக்க இடம் கிடைக்கவில்லை. பொறுப்பாளர் சொல்லிவிட்டார்: இன்னும் இரண்டு தரம் பிந்தினால் இந்த அரையாண்டு அவ்வளவுதான்.

மலையில் அண்ணா இருக்கும் மாணவர் சங்க வீட்டில் பன்னிரண்டு அறை. இருப்பது மூன்று பேர்: அண்ணா, லூகாஸ், மோரிட்ஸ். முன்பெல்லாம் அறைக்கு அடிபடுவார்களாம். இப்போது தொப்பி போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே நிறப்பட்டி கட்டி, எழும்பி நின்று பாட்டுப் பாடி பியர் குடிக்க எந்தப் பொடியனுக்கு ஆசை? ஒன்பது அறை பூட்டிக் கிடக்கிறது. பெண்களுக்கு மட்டும் இடமில்லை.

20 ஒக்டோபர்

கேட்டுப் பார்த்தேன். "அது ஆம்பிளையளின்ர வீடு, தர்மி. சட்டம் அப்பிடி," என்றான் அண்ணா.

அங்கே ஒருவரையொருவர் சகோதரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாகும்வரைக்கும் சகோதரமாம். சொந்தச் சகோதரி வாசல்வரைக்கும்தான்.

அம்மாவிடம் சொன்னால், "அவனைக் கரைச்சல்படுத்தாதை பிள்ளை. அவன் அங்க மரியாதையா இருக்கிறான்."

அப்ப நான்?

2 நவம்பர்

நல்ல சேதி! படிப்பு முடித்துப் போன உறுப்பினர்களை அங்கே 'பழைய ஐயாமார்' என்பார்கள். வீடு அவர்களுடையது. வசந்தத்துக்குள் அறைகள் நிரம்பாவிட்டால் மூடிவிடுவார்களாம். பெண்களை வைப்பதென்றாலும் வையுங்கள், இருக்கிற மூன்று பேரும் முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். முதல் ஆளாக என்னைத்தான் கேட்கப் போவதாக மோரிட்ஸ் சொன்னான். இரவு சோறு இறங்கியது.

9 நவம்பர்

இன்று என்னை எடுப்பதா என்று வாக்கு. வாய்ப்பேச்சில் அங்கே எதுவும் முடிவாகாது. ஆளுக்கு ஒரு வெள்ளை உருண்டை, ஒரு கறுப்பு உருண்டை. மூடிய பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றைப் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் சரிவராது. பரம்பரைப் பழக்கமாம்.

அண்ணா வாசலுக்கு வந்து சொன்னான். "ஒரு கறுப்பு விழுந்திட்டுது. ஆர் எண்டு தெரியாது. கேக்கவும் ஏலாது."

அவன் முகம் வாடியிருந்தது. நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

18 நவம்பர்

ரயில் வரவில்லை. இரண்டாந் தரமும் பிந்திவிட்டேன். அரையாண்டு போச்சு.

25 நவம்பர்

பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் மோரிட்ஸ் வந்து முன்னால் இருந்தான். முள்ளுக்கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இதைச் சொல்லக் கூடாது. நானும் லூகாஸும் வெள்ளைதான் போட்டோம்."

மூன்று பேர் இருக்கிற வீட்டில் ரகசிய வாக்காம்! எனக்கு ஏன் இது முதலே உறைக்கவில்லை? லூகாஸைத்தான் நினைத்து நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேரே மலைக்குப் போனேன். "நீயோ?" என்று அண்ணாவைக் கேட்டேன்.

"ஓம். நான்தான்," என்றான். "இங்க நான் ஒருத்தன்தான் தமிழ். கஷ்டப்பட்டு நல்ல பேர் எடுத்து வைச்சிருக்கிறன். தங்கச்சியைக் கொண்டந்து குடியேத்திப்போட்டான் எண்டு பழைய ஐயாமார் சொல்லுவினம். உனக்கு விளங்காது."

விளங்குது. நல்லா விளங்குது. அந்த ஐயாமாரே ஓம் எண்டு சொன்னவை! அவைக்கில்லாத சட்டம் இவனுக்கு. நல்ல பிள்ளை எண்டு பேர் எடுக்க என்னை வித்துப்போட்டு, வாசல்ல வந்து முகத்தையும் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டான். சீ!

இனி அவன் கவிஷன். அண்ணா இல்லை.

12 ஜனவரி 2025

அறை கிடைத்துவிட்டது. ஆற்றுக்குப் பக்கத்தில், ஆங்கெ, மிரேலா என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் வீடு. புதிதாக யாரும் வந்தால் சமையலறையில் இருத்தித் தேநீர் கொடுத்துக் கதைப்பார்கள். பிறகு ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கை உயர்த்துவார்கள். எல்லாக் கையும் உயர வேண்டும். என் தேநீர் ஆறமுன்னமே கூப்பிட்டு ஓம் என்றார்கள். ஏப்ரலில் படிப்பைத் திரும்பத் தொடங்கலாம்.

30 மார்ச்

சங்க வீட்டை மூடுகிறார்கள். புதிதாக ஒருத்தனும் வந்து சேரவில்லை. லூகாஸ் காதலியோடு போய்விட்டான், மோரிட்ஸ் இப்போது லைப்சிக் நகரில். சாகும்வரைச் சகோதரங்களில் ஒருவர் வீட்டிலும் கவிஷனுக்கு ஒரு சோபாகூட இல்லையாம்.

அம்மா போன் எடுத்தா. "உங்கட வீட்டில ஒரு அறை சும்மா கிடக்காம். கூடப்பிறந்தவன் தெருவில நிக்கிறதே, பிள்ளை?"

ஒக்டோபரில நான் எங்க நிண்டனான், அம்மா? கேட்கவில்லை. வரச் சொல்லுங்கோ என்றேன்.

6 ஏப்ரல்

வந்தான். தொப்பி இல்லை, பட்டி இல்லை. சிரிக்கச் சிரிக்கக் கதைத்தான். ஆங்கெக்குப் பிடித்துவிட்டது. அவனை வெளியே நிற்கச் சொன்னாள். "இருக்கட்டும். அவனுக்கு முன்னாலேயே கேள்," என்றேன்.

ஆங்கெ கை உயர்த்தினாள். மிரேலா உயர்த்தினாள். என் கை மேசையில் கிடந்தது. கவிஷன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்ச ரகசியம் இல்லை," என்றேன் தமிழில்.

தேநீரைக் குடிக்காமல் போனான்.

28 ஏப்ரல்

அம்மா என்னோடு கதைப்பதில்லை. கவிஷன் கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்து போகிறானாம். ஹாகனில் ரயில் மாறும்போது எந்தப் பக்கம் காற்றுப் படாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அந்த ரயிலுக்கு எழும்பும் நேரத்துக்கு எனக்கும் முழிப்பு வந்துவிடுகிறது. ஏன், எனக்குக் கட்டில் இருக்கிறதே!

கேட்டு வந்த வேறு யாரையும் ஆங்கெக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது.