கயலின் காலை மாத்திரை

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வீடெல்லாம் தேடிய என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. நம் மகள் கயல் பத்தாவதுக்கு வந்துவிட்டாள். தினமும் காலையில் இட்லி தின்ற கையோடு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். பதறாதீர்கள், காய்ச்சல் இல்லை. கவனக்குறைபாடாம். திருச்சி டாக்டர் பார்த்துச் சொன்னது.

ஒன்பதாவது பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள். தெரியாமல் இல்லை. வாயால் கேட்டால் கடகடவென்று சொல்லுவாள். எழுத உட்கார்ந்தால் பாதிக் கணக்கில் ஜன்னலைப் பார்க்கப் போய்விடுவாள். கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பவே மறந்துவிடுவாள். இப்படியே போனால் பத்தாவதைத் தாண்டமாட்டாள் என்று பெரம்பலூரில் அவளுடைய டீச்சர்தான் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

"பாதி வேலைல எந்திரிச்சுப் போயிடுவாளா? வச்ச எடம் மறந்துடுமா? அடுத்தவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடுவாளா?" என்று டாக்டர் கேட்கக் கேட்க, "ஆமாங்க, ஆமாங்க" என்றேன். வீட்டில் வேறு யாராவது இப்படி உண்டா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது மாமா. "அவங்க அப்பாதாங்க. சோறு திங்கும்போதே மூணு தடவ எந்திரிப்பாரு" என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் அங்கேயே அழுதேன்.

குரும்பலூரில் நம் வாசல் கதவுக்கு நீங்கள் பெயிண்ட் அடித்தது நினைவிருக்கிறதா? பாதியில் குழாய் சொட்டுகிறது என்று போனீர்கள். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு ரேடியோவைப் பிரித்தீர்கள். கதவு இன்னும் பாதி நீலம்தான். ஆனால் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மோட்டார் நின்று எல்லாரும் பதறினால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அங்கே உங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. உங்கள் அப்பா மட்டும் கடைசிவரை 'பொறுப்பத்தவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் பத்தாவதில் தவறியதும் இதனால்தானோ? இனி யாரைப் போய்க் கேட்பது?

மாத்திரை பாடம் சொல்லித் தரவில்லை. கணக்கில் இன்னும் திணறத்தான் செய்கிறாள். ஆனால் உட்கார்கிறாள், எடுத்ததை முடிக்கிறாள். காலாண்டில் எல்லாப் பாடத்திலும் பாஸ். "அம்மா, பின்பக்கமும் எழுதிட்டேன்!" என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். மத்தியானச் சோறுதான் அப்படியே திரும்பி வருகிறது. மாத்திரையால் பசி எடுக்காதாம். டாக்டர் எடை பார்த்துக்கொள்கிறார், ராத்திரியில் நான் ஈடுகட்டுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்து, "ஏன்டி, அந்தப் படிப்பு மாத்திரைல எங்க பயலுக்கும் ரெண்டு குடேன், பரீட்சை வருதுல்ல" என்றார். "அக்கா, இது சத்து மாத்திரை இல்ல. டாக்டரு பாத்து எழுதாம யாருக்கும் குடுக்கக் கூடாது" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், "மருந்தக் குடுத்துப் புள்ளயவே மாத்திட்டா" என்று தெருவில் சொன்னாராம்.

அதுதான் குத்தியது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் ஞாயிறு காலையில் அவள் அசையாமல் எழுதுவதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளிடம் மிச்சமிருக்கிற நீங்களும் போய்விட்டால் நான் என்ன செய்வேன் மாமா?

ஆனால் மாத்திரையின் வேகம் பள்ளி முடியும் வரைதான். நீங்கள் ஷிப்ட் முடிந்து வருவீர்களே, அந்த நேரத்துக்கு அது இறங்கிவிடுகிறது. நேற்று வாசலில் பையைப் போட்டாள். குழாயைத் திறந்து மூடாமல் அடுப்படிக்கு ஓடினாள். நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேறு கதைக்குத் தாவினாள். பிறகு, "அப்பா விட்டத நான் முடிக்கிறேம்மா" என்று நான் வாங்கி வைத்திருந்த நீலப் பெயிண்டை எடுத்துக் கதவில் ஒரு சாண் அடித்தாள். தோழி கூப்பிட்டதும் பிரஷைப் போட்டுவிட்டு ஓடியே போனாள்.

காலையில் மாத்திரையைத் தவறாமல் கொடுப்பேன் மாமா, பத்தாவதை அவள் தாண்டிவிடுவாள். சாயங்காலத்தில் மட்டும் அவளை அதட்டமாட்டேன். நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம் அது.

பிரஷைக் கழுவி எடுத்துவைத்துவிட்ட,
உங்கள் அத்தை மகள்,
கயலின் அம்மா
மலர்க்கொடி