புங்கமேட்டுக்கு எழுதிய பெரிய எழுத்து

சின்னு,

(கை பழக்கத்தில், மகனை வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டது. காகிதம் கிடைக்காத காலம், அதனால் கிழிக்காமல் இதிலேயே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.)

அனுப்புபவர்:
அமலோற்பவம், காலஞ்சென்ற தோமினிக்கின் தாய்,
மாதாகொட்டாய், வல்லம் வழி.

பெறுபவர்:
தாசில்தார் அவர்கள், தாலுகா கச்சேரி, செஞ்சி.

பொருள்: என் மகன் எழுதிய தாலுகா படத்தில் புங்கமேடு என்ற பெயரைச் சுரண்டாமல் விடக் கோருவது.

மகாகனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. தங்கள் கச்சேரியில் படம் எழுதிய தோமினிக் என் ஒரே மகன். படத்தை முடித்த கையோடு விஷக்காய்ச்சலில் படுத்தான். பாஸ்கா பண்டிகை வருவதற்குள் அவனை மண்ணில் வைத்தோம்.

2. அவன் குடையை வாங்கிப்போக வந்தபோது, மேசையில் விரித்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தேன். கன்னியர் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ரோட்டுக்குச் சிவப்பு, ஏரிக்கு நீலம், கோட்டை மலைக்குக் கம்பளிப்பூச்சி மயிர் மாதிரி கோடு. எங்கள் ஊரைத் தேடினேன். சிலுவைக் குறியும் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தும் இருந்தன. கடைசி எழுத்து மலையின் மயிரில் சிக்கிக் கிடந்தது.

3. அவலூர்பேட்டை ரோட்டில் புங்கமேடு. சந்தை கிடையாது, கோயில் கிடையாது, விரல்விட்டு எண்ணுகிற வீடுகள். அதற்குச் செஞ்சிக்குச் சமமான எழுத்து! சுழித்துச் சுழித்து எழுதி ஓரமெல்லாம் நீலம் கட்டியிருக்கிறான். பக்கத்தில் ஒற்றை மரம் வேறு. குமாஸ்தா விநாயகம் அவர்கள், "ஊரு பெருசா இருந்தா எழுத்து பெருசும்மா. இது இன்னாவோ கைத்தப்பு" என்றார். சின்னுவுக்குக் கை தப்பாது ஐயா. அங்கே எவளோ இருக்கிறாள்.

4. எனக்கு வயிறு எரிகிறது. பெற்றவள் ஊருக்கு எறும்பு, நேற்று வந்தவள் ஊருக்குத் தேர். போன கிறிஸ்துமஸுக்கு நீலச் சேலை கேட்டேன். "இந்த வயசுல உனக்கு நீலம் எதுக்கும்மா?" என்று சாம்பல் நிறத்தில் எடுத்து வந்தான். நீலமெல்லாம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறது.

5. படம் கடலூருக்கு அச்சுக்குப் போகுமுன் அந்தப் பெயரைச் சுரண்டிச் சின்னதாக எழுத உத்தரவு என்றார்கள். மறைப்பானேன், சந்தோஷப்பட்டேன். ஆனால் விநாயகம் அவர்கள் பிளேடை எடுத்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குற்றமானால் மன்னிக்கவும். ஒவ்வொரு சுழியும் என் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது.

6. ஆகையால் புங்கமேட்டை அப்படியே விட உத்தரவிட வேண்டும். எங்கள் ஊரையும் யாரும் பெரிதாக்க வேண்டாம். இன்னொருத்தர் கை பட்டது எனக்கு எதற்கு? படம் அச்சாகிக் கச்சேரிச் சுவரில் ஏறிய பிறகு எவளாவது வந்து அதன் எதிரில் நின்று அழுதால், தயவுசெய்து எனக்கு ஆள் அனுப்புங்கள். நான் வரும்வரை அவளைப் போக விடாதீர்கள்.

செஞ்சி,
12-6-1946

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
அமலோற்பவம்

சின்னு, சொல்லியிருந்தால் நான் வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்?