புடலங்காயில் கட்டிய நூல்

தையலு,

ஆலைக்குக் கிளம்பிட்டேன். நீ பெரிய மார்க்கெட்டுல இருந்து வர்ற வரைக்கும் காத்திருக்க முடியல. சாவி பக்கத்து வீட்டு மணியம்மா கிட்ட இருக்கு. கருவாட்டுக் குழம்ப உறியில வச்சிருக்கேன், பூனை சுத்திக்கிட்டே இருக்கு.

உன் தம்பி ஜானகிராமன் வந்தா சாப்பாடு போடு. கேமராவ மட்டும் தொட விடாத. புது பிலிம் மாட்டியிருக்கேன், பின்பக்கத்தத் திறந்தான்னா வெளிச்சம் பட்டு வீணாப் போயிடும்.

கொல்லையில செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன். புடலங்காய் நேரா வளரக் கல்லு கட்டி விட்டிருக்கியே, அது என் நூலு. படம் எடுக்கத் தூரம் பாக்குறதுக்குன்னு ரெண்டு மீட்டர் அளந்து வச்சிருந்தது. நீ அதுல ஒரு முழம் வெட்டினது எனக்குத் தெரியாது. அன்னிக்கு உன்னப் படம் எடுக்கறப்ப மீதி நூலப் பிடிச்சு உன் கிட்டக்க நின்னுக்கிட்டு, கேமராவுல ரெண்டு மீட்டர்னே திருகி வச்சிருக்கேன். அதான் பின்னால இருந்த கதவு பளிச்சுனு விழுந்துது, நீ மங்கிப்போயிட்ட. நீ அசைஞ்சிட்டன்னு கத்தினேன். நீ அசையல. மூச்சக்கூட அடக்கிக்கிட்டுத்தான் நின்ன.

மூணு நாளாப் பேசாம இருக்க. போதும் தையலு.

கண்ணையன்

நூல அவுக்காத. காய் நல்லா வருது.

ஞாயித்துக்கிழமை அந்த நீலப் புடவையே கட்டிக்க. கேமராவுல ஒரு மீட்டருக்குக் கீழ தூரம் வைக்க முடியாது. நான் எட்டிக் கைய நீட்டினா அவ்வளவுதான் வரும். உன் கன்னத்தத் தொட்டுப் பாத்துட்டு, அங்கயே நின்னு எடுத்துக்கறேன்.